பிள்ளைக் காம்பராவில் செய்த வயலின்

காபன் நாரில் வயலின் செய்கிறவன் நான். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொன்னால், என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார். "வயலினா? அத மரத்துல தானே செய்வாங்க?" என்பார். மரத்தில் தான் செய்வார்கள். அந்த மர வயலினைக் கொண்டுவந்து எங்கள் பக்கத்து மழையில் மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். தந்தியை முறுக்குகிற பிருடை உப்பிக்கொண்டு திரும்ப மறுக்கும். பசை விட்டுப்போய் முதுகுப் பலகை ஒரு பக்கமும் வயிற்றுப் பலகை ஒரு பக்கமுமாக நிற்கும். எங்கள் தோட்டத்துச் சர்ச்சில் இருந்த ஒரே வயலின் அப்படித்தான் போனது. அதைக் கடைசியில் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டார்கள்.

காபனுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை. மூடுபனிக்குள் வைத்தாலும் சுருதி அசையாது. இதை எத்தனையோ மேடைகளில் படம் போட்டுக் காட்டிப் பேசியிருக்கிறேன், கைதட்டும் வாங்கியிருக்கிறேன். என் அக்காவின் கைகளைப் பற்றி மட்டும் எந்த மேடையிலும் வாய் திறந்ததில்லை. அதை இங்கே எழுதப் போகிறேன். எழுதி என்ன கிழியப் போகிறது என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன் நான். அக்காவுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா இறந்த வருடம் அக்கா பள்ளிக்கூடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். அவள் கொழுந்தெடுத்துப் போட்ட சோற்றில் நான் ஏ.எல். எழுதினேன், பல்கலைக்கழகம் போனேன், அங்கிருந்து குளிர்தேசம் ஒன்றுக்குப் பறந்தேன். சினிமாக் கதை மாதிரி இருக்கிறது, இல்லையா? எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்ய, நடந்தது அது தான்.

அந்தத் தேசத்தில் விமான இறக்கைக்கான காபன் தகடுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். பட்டம் வாங்கிய பிறகு, காபனில் இசைக் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். ஏழு வருடம் அங்கே இருந்தேன். நார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தான் சத்தமும் ஓடும் என்பதை அங்கே தான் கற்றேன். ஒரு தகட்டை விரலால் தட்டி, காதில் வாங்கி, இன்னும் ஒரு படலம் போட வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிற அளவுக்குத் தேறினேன்.

இன்னொன்றையும் அங்கே தான் கற்றேன். காபன் துணியை இறுக வைப்பதற்கு அதன் மேல் ஒரு பிசின் தடவுவோம். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும். இறுகிய பிறகு அதைப் போல சாதுவான பொருள் இல்லை, குழந்தை நக்கினாலும் ஒன்றும் செய்யாது. இறுகுவதற்கு முன்னால் அது தோலில் பட்டுக்கொண்டே இருந்தால், ஒரு நாள் உடம்பு அதை எதிரி என்று தீர்மானித்துவிடும். அதற்குப் பிறகு சாகும் வரை எதிரி தான். என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணுக்கு அப்படி ஆனது. திங்கட்கிழமை காலை முகம் பலாச்சுளை போல வீங்கி வந்தவள், அந்த வாரமே வேலையை விட்டுப் போனாள். பிறகு அவளால் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூடத் தாண்ட முடியவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். தெரியாது என்று நான் எப்போதாவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊருக்கு ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்பார்கள். என் மண், என் மக்கள் என்று மேடையில் அளப்பேன். உண்மையில் கம்பெனி முதலாளியோடு வாய்ச்சண்டை முற்றி, கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். எனக்கு முன்கோபம் அதிகம். வந்து இறங்கியபோது கையில் இரண்டு வயலின் அச்சும், யாருக்கும் அடங்காத வாயும் தான் இருந்தன.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய பிள்ளைக் காம்பரா பூட்டிக் கிடந்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. புதிதாக ஒன்று கட்டியபிறகு இது சும்மா கிடந்தது. தோட்டத்தை நடத்துகிற தொரையைப் பார்த்துப் பேசி, அதை வாடகைக்கு எடுத்தேன். சுவரில் கிளியும் மாம்பழமும் வரைந்திருந்தார்கள். தொட்டில் கட்டின வளையங்கள் அப்படியே இருந்தன. அந்த வளையங்களில் வயலின் உடல்களைத் தொங்கவிட்டேன்.

வேலைக்கு ஐந்து பெண்களை எடுத்தேன். முதல் ஆள் அக்கா.

"ஏன்டா, வயலின் செய்ய எனக்கு என்னடா தெரியும்?" என்றாள்.

"துணி விரிக்கத் தெரியுமா?"

"அது தெரியும்."

"அது போதும்க்கா."

"அப்ப நீ இம்புட்டு வருஷம் வெளிநாட்டுல போய்ப் படிச்சது துணி விரிக்கவா?" என்று கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

துணி விரிக்கிற வேலை தான். ஆனால் சும்மா விரிப்பதில்லை. கறுப்புக் காபன் துணியை வயலின் வடிவத்துக்கு வெட்டி, பிசின் தடவி, அச்சின் குழிவுக்குள் படிய வைக்க வேண்டும். இடுப்பு வளைகிற இடத்தில் துணி முரண்டு பிடிக்கும். அங்கே ஒரு சுருக்கம் விழுந்தால், ஒரு கடுகளவு காற்று அகப்பட்டால், வயலின் அந்த இடத்தில் ஊமையாகிவிடும். எல்லாம் படிந்ததும் பிளாஸ்டிக் உறை போட்டு மூடி, பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சி எடுப்போம். எங்கள் ஊர்க் குளிரில் பிசின் இலேசில் இறுகாது என்பதால், பல்புகள் பூட்டிய ஒரு பெட்டிக்குள் வைத்துச் சூடு காட்டுவோம். பெண்கள் அதற்குக் கோழிக்குஞ்சுப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள். எனக்கு வைத்த பெயர் தொரை. "ஏய், தொரை வாராரு, நேரா நில்லுங்கடி" என்று என் அக்காவே மற்றவர்களை உசுப்பிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கையுறை இல்லாமல் பிசினைத் தொடக் கூடாது என்று முதல் நாளே சொன்னேன். கண்டிப்பாகத் தான் சொன்னேன். கொழும்பிலிருந்து ஒரு பெட்டி கையுறையும் வாங்கி வந்திருந்தேன். அது பெரிய சைஸ். எனக்குச் சரியாக இருந்தது. அக்காவின் கை என் கையில் முக்கால்வாசி கூட வராது. விரல் நுனியில் ரப்பர் அரை அங்குலம் மடிந்து தொங்கும். அந்த மடிப்பு துணியில் கோடு போடும், நாரைக் கலைக்கும். அப்படிச் செய்த முதல் நாலு வயலின்களும் தகர டப்பா. தட்டினால் டக்கென்று செத்துப்போன சத்தம் வந்தது. நான் கத்தினேன். ஒன்றைத் தூக்கிக் கல்லில் அடித்து உடைத்தேன். "ஒழுங்கா ஒரு துணிய அமுக்கத் தெரியல, கொழுந்து மட்டும் எப்படித்தான் எடுத்தீங்களோ" என்று என் வாயில் வந்தது. ஐந்து பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்காவும் தான்.

ஐந்தாவது வயலினின் உறையைப் பிரித்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெளியே மழை. வயிற்றுப் பலகையை அச்சிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. நார் ஒவ்வொன்றும் வாரிய தலைமுடி போல நேராகப் போயிருந்தது. விரலால் தட்டினேன். அது பாடியது. ஏழு வருடம் அந்தக் குளிர்தேசத்தில் நான் கேட்க ஏங்கிய சத்தம், கிளி வரைந்த சுவருக்குள் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "யார் செஞ்சது இது?" என்றேன். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வந்திருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மத்தியானம், அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது, கதவுப் பக்கமாக வந்தேன். கழற்றிப் போட்ட கையுறைகள் ஜன்னல் கட்டையில் கிடந்தன. ஐந்து பேரும் வெறுங்கையால் பிசினைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் விரல் நுனிகள் துணிமேல் ஓடி, ஓரிடத்தில் நின்று, அங்கே இருந்த காற்றை ஒதுக்கி ஓரத்துக்குக் கொண்டுபோய் வெளியேற்றின. கொழுந்தெடுக்கிற பெண்கள் முற்றினது எது இளசு எது என்று செடியைப் பார்த்து எடுப்பதில்லை, விரல் தானாகக் கண்டுபிடிக்கும். அந்த விரல் தான் இது. அக்கா தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

என்ன நினைத்தேன்? கொஞ்சம் நாளைக்குத் தானே என்று நினைத்தேன். கொஞ்சம் பிசின் தானே, ஜன்னல் திறந்து தானே இருக்கிறது, எல்லோருக்குமா அப்படி ஆகிவிடும் என்று நினைத்தேன். சின்னக் கையுறை எங்காவது தேடி வாங்க வேண்டும் என்றும் நினைத்தேன். நாட்டில் எதுவும் கிடைக்காத வருடம் அது, இது மட்டும் எங்கே கிடைக்கப் போகிறது என்று அந்த நினைப்பையும் கைவிட்டேன். தேடிப் பார்க்காமலே.

கண்டியிலிருந்து ஒரு கர்நாடக வயலின் வித்துவான் வந்து வாசித்துப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, வயலினின் சுருள் முனையைக் காலில் ஊன்றி, ஒரு மணி நேரம் வாசித்தார். கமகம் பிடிக்கும்போது கழுத்துப் பகுதி அசையாமல் நிற்கிறது என்றார். "இது யார் கைவேலை? அபாரமான கை" என்றார். நான் பெருமையோடு அக்காவைக் கூப்பிட்டேன். அவள் கும்பிடாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கூச்சம் என்று நினைத்தேன். அதன் பிறகு கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓடர்கள் வரத் தொடங்கின. ஐந்து பெண்களும் ஓய்வில்லாமல் வேலை செய்தார்கள்.

அந்த மழைக்காலத்தில் அக்கா நீளக்கை ஸ்வெட்டர் ஒன்று போட ஆரம்பித்தாள். கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டுக்கொள்வாள். எனக்குப் பிளேன்டீ கொண்டுவந்தால் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கரண்டியால் சோறு சாப்பிட்டாள்.

"அடேயப்பா, அக்காவுக்கு இப்ப கை சரிவராதாம். பெரிய இடத்துப் பொம்பளையாயிட்டாங்க" என்றேன்.

"ஆமாடா, தொரையோட அக்கான்னா சும்மாவா?" என்று அவளும் சிரித்தாள். மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடம் பெரட்டு. மலைவேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா ஒவ்வொருவரையும் ஒரு பார்வை பார்ப்பார். கையில் கட்டு, காலில் வீக்கம் என்று எது கண்ணில் பட்டாலும், "நீ போய் மருந்தெடு" என்று திருப்பிவிடுவார். அன்றைக்கு வேலை கிடையாது. அதனால் எங்கள் பெண்கள் புண்ணுள்ள கையை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குக்குள் விட்டுக்கொண்டு, சிரித்த முகமாக நிற்பார்கள். காய்ச்சலோடு நிற்பார்கள். வயிற்றுவலியோடு நிற்பார்கள். அம்மா அப்படித்தான் நின்றாள், நோய் முற்றும் வரை. அக்கா சின்ன வயதிலேயே அதைப் படித்துக்கொண்டாள். என் முன்னாலும் ஒருத்தி அப்படி நிற்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன கண்டாக்கையாவா?

ஒரு திங்கட்கிழமை காலை அக்காவை இன்னொரு பெண் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அக்காவின் இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. உதடு தடித்திருந்தது. அந்த நிலையில் வந்து, ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையில் தன் இடத்தைத் தடவிப் பார்த்து நின்றாள்.

"என்னக்கா இது!" என்று கத்தினேன்.

"பூச்சி கடிச்சிருக்கும். ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல வத்திரும். நீ போய் ஒன் வேலையப் பாரு."

கூட்டிவந்த பெண்ணால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "பூச்சியா? ஏன்க்கா பொய் சொல்றீங்க? ஐயா, அவங்க கையப் பாருங்க. மூணு மாசமா இப்புடித் தான். சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க" என்று அழுதுவிட்டாள்.

நான் ஸ்வெட்டரை மேலே தள்ளினேன். உள்ளே பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. அதைப் பிரிக்கப் பிரிக்கத் தோலும் சேர்ந்து வந்தது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு, வெடிப்புகளுக்குள் ஈரம். விரல் நுனிகளில் தோலே இல்லை, சிவந்த சதை பளபளத்தது. கொழுந்துக் கறையைப் போக்க எலுமிச்சம்பழம் தேய்ப்பார்கள். அதே வழக்கத்தில், சாயங்காலம் இந்தப் பிசினைப் போக்க, பெயின்ட் கரைக்கிற தின்னர் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். கறை போனால் சரி என்று நினைத்திருக்கிறார்கள். தின்னர் தோலைத் திறந்துவிட, பிசின் இன்னும் உள்ளே போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு சிங்கள அம்மா. பொறுமையாகப் பார்த்தார். என்ன பொருள் பட்டது என்று கேட்டார். பிசினின் பெயர், அதை இறுக வைக்கிற திரவத்தின் பெயர், எல்லாம் நான் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இவ்வளவு தெரிந்திருக்கிறது. கையுறை கொடுக்கவில்லையா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், தம்பி கையுறை தந்தான், போடச் சொன்னான், நான் தான் கழற்றிப் போட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னாள். டாக்டர் அவளைத் திட்டினார். படித்தவன் சொல்வதைக் கேட்க மாட்டீர்களா, இப்போது பாருங்கள் என்று திட்டினார். அக்கா மூடிய கண்ணோடு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனிமேல் அந்தப் பொருள் இருக்கிற இடத்தில் இவர் இருக்கக் கூடாது, காற்றில் பட்டால் கூட வரும் என்று டாக்டர் சொன்னார். எத்தனை நாளைக்கு என்று அக்கா கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்து, வாழ்நாள் முழுக்க என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் மொழிபெயர்க்கவில்லை. "அப்பறம் சொல்றேன்க்கா" என்றேன்.

திரும்பி வரும் வழியில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு ஃபார்மசியில் மருந்து வாங்க இறங்கினேன். வாய்விட்டுக் கேட்கக்கூடப் பயமாக இருந்தது. இருந்தாலும் கேட்டேன். "கிளவுஸ் சின்ன சைஸ் இருக்கா?"

"இருக்கே. எப்பவும் வச்சிருக்கோமே" என்று கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

அந்தப் பெட்டி எங்கள் லயத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது. நான் வாரத்துக்கு இரண்டு தடவை கடந்துபோன கடை அது.

மற்ற நாலு பேரும் சின்னக் கையுறை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ஒவ்வொருவர் கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நல்லவேளை, அவர்களுக்கு ஒன்றும் இல்லை. தின்னரைத் தூக்கி எறிந்தேன். காற்றை வெளியேற்ற விசிறி பூட்டினேன். மூன்று வாரத்தில் ஒரு வயலின் முடிந்தது. உறையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு சுருக்கம் இல்லை. தட்டினேன். அதே சத்தம். கையுறைக்குள்ளிருந்தே அந்த விரல்களால் எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது, அளவு சரியாக இருந்தால் போதும். அக்காவின் தோல் தேவையே பட்டிருக்கவில்லை. நான் பின்பக்கம் போய், கக்கூஸ் சுவரில் சாய்ந்து, பிள்ளை மாதிரி அழுதேன். நாசமாய்ப் போனவனே, நாசமாய்ப் போனவனே என்று என்னையே திட்டிக்கொண்டு அழுதேன்.

அக்காவின் கண் வீக்கம் வற்றியது. கை ஆறவில்லை. ஆறுவது போல வரும், திரும்பவும் வெடிக்கும். அரிசி கழுவ முடியாது. வெங்காயம் உரிக்க முடியாது. அக்கா புருஷன், என் மச்சான், கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார், மாதம் ஒரு தடவை தான் வருவார். அக்கா மகள் தான் சமைக்கிறாள், அவளே அக்காவுக்குத் தலையும் சீவி விடுகிறாள். அக்கா ஒரு நாள் பிடிவாதமாகப் பெரட்டுக்குப் போய், பழையபடி கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாளாம். கொழுந்துச் சாறு வெடிப்பில் பட்டு, பத்து மணிக்குள் கீழே உட்கார்ந்துவிட்டாளாம். வேலை பார்க்கிற கங்காணி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நான் பார்க்கப் போனால் குளித்து, வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு தான் போவேன். அப்படிப் போன இரண்டாவது தடவை, பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் இமை தடிக்கத் தொடங்கியது. என் தலைமுடியிலோ செருப்பிலோ எதில் ஒட்டிக்கொண்டு வந்ததோ, தெரியவில்லை. அதன் பிறகு நான் காம்பராவுக்குள் போவதில்லை. லயத்து வாசலுக்கு முன்னால் ஓடுகிற தண்ணீர்க் கானுக்கு அந்தப் பக்கம் நின்று பேசுவேன். அவள் கதவு நிலையில் நின்று பேசுவாள். தொட்டுத் தூக்கி வளர்த்தவள் அவள். எட்டடி தூரத்தில் நிற்க வேண்டியதாகிவிட்டது.

வேலையை நீ ஏன் விடவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். நாலு குடும்பம் அதில் சாப்பிடுகிறது என்று சொல்வேன். அதுவும் உண்மை தான். எனக்கு வேறு எதுவும் தெரியாது, எனக்கு அந்தச் சத்தம் வேண்டும் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போயிருந்தேன். பனி விலகி இலேசாக வெயில் அடித்தது. அக்கா கைகளில் வெள்ளை மருந்து பூசிக்கொண்டு, படாமல் இருக்க இரண்டையும் முன்னால் நீட்டியபடி நின்றாள். முகத்தில் நல்ல தெளிச்சி. வயலின் எப்படிப் போகிறது, அந்தப் புள்ளைங்க ஒழுங்காகச் செய்கிறார்களா என்று விசாரித்தாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரி நாற்காலியிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிந்ததை இறக்கி வைத்துவிட வேண்டும் போல இருந்தது. மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டால் எனக்கு இலேசாகும் என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் என் பாரத்தைத் தான் நினைத்தேன்.

"அக்கா, நீங்க எல்லாம் கிளவுஸ் கழட்டிட்டு செஞ்சது எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா."

"தெரியும்டா. நீ கதவுகிட்ட நின்னு பாத்தியே, நானும் பாத்தேனே" என்றாள் சாதாரணமாக.

"பாத்துட்டு நான் ஒண்ணும் சொல்லல."

"ஆமா, அதனால தானே நாங்க பயமில்லாம செஞ்சோம்." அவள் இன்னும் இலேசாகச் சிரித்துக்கொண்டு தான் இருந்தாள். "நீ முதல்நாள் அப்புடி அடிச்சு சொன்னதுல இவளுங்க எல்லாம் பயந்து கெடந்தாளுங்க. நான் தான் சொன்னேன், 'என் தம்பி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போறான்டி. அவனுக்குத் தெரியாதா? கெடுதின்னா விடுவானா? பயப்படாம செய்ங்கடி'ன்னு. ஒனக்கே தெரியாம போச்சு, பாவம். ஒன்னச் சொல்லி என்ன பண்ண?"

நான் கானுக்கு அந்தப் பக்கம் நின்றேன். அவள் எனக்கு வேண்டிய பொய்யைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். ஆமாம்க்கா, எனக்கும் தெரியாமல் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் போதும். அவள் என்னை நம்பிக்கொண்டே இருந்திருப்பாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன்.

"என்ன தெரியும்?"

"கெடுதின்னு தெரியும். கைய இப்புடி ஆக்கும்னு தெரியும். அந்த ஊர்ல ஒருத்திக்கு ஆனத என் கண்ணால பாத்திருக்கேன். தெரிஞ்சு தான் சும்மா போனேன். வயலின் நல்லா வந்துச்சு. அதான்."

பக்கத்துக் காம்பராவில் ரேடியோவில் யாரோ விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மகள் உள்ளேயிருந்து, "அம்மா, மாமாவுக்குத் தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டாள். அக்கா உள்ளே திரும்பவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா செத்தபோது கூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"மழை வரப்போகுது" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வாங்க."